வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக என்ன படிக்க வேண்டும்?

பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷத்தில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மேடம், அடுத்து எதைப் படிச்சா பேஷண்ட் பார்க்கலாம்?" குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, ஆற்காடு என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. நான் குடியாத்தத்துக்காரி. நெசவுக் குடும்பத்தில் பிறந்து, எம்.எஸ்சி.யும் அதற்குப் பிறகு எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜியும் முடித்து, இப்போது வேலூரில் வேலை பார்க்கிறேன். நான் படிக்கும் காலத்தில் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்ல எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அதனால் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டி நோயாளிகளைப் பார்க்க, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டம் பதிவு இல்லாமல் தொழில் செய்வதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று வரையறுக்கும்போது ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பையே கேட்கிறது. ஆகவே "எந்தப் படிப்பு நல்ல படிப்பு?" என்று கேட்பதற்கு முன்னால் "இந்தப் படிப்பை முடித்தால் ஆர்.சி.ஐ. பதிவு எண் கிடைக்குமா?" என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சைக்கியாட்ரிஸ்ட்டையும் சைக்காலஜிஸ்ட்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. படித்த டாக்டர், மருந்து எழுதுவார். நாங்கள் மருந்து எழுத மாட்டோம். சோதனைகள் செய்து பிரச்சனை என்னவென்று கண்டறிவதும் சைக்கோதெரபி, அதாவது பேச்சு வழியான சிகிச்சை, கொடுப்பதும் எங்கள் வேலை.

எம்.எஸ்சி. கட்டம்

பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ, இளங்கலைக்குப் பிறகு சைக்காலஜியில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. இரண்டு வருஷம். இரண்டில் எது உசத்தி என்று குழம்பத் தேவையில்லை. மேற்படிப்புக்கு இரண்டும் சமம். மதிப்பெண்தான் முக்கியம். எம்.ஃபில். சேர 55 சதவீதம் கேட்டு வந்தார்கள், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 50. "எப்படியோ பாஸ் பண்ணிட்டேன்" என்று 53 சதவீதத்தோடு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. இரண்டு மதிப்பெண்ணில் கதவு மூடிவிடும். முதல் செமஸ்டரிலிருந்தே கணக்கு வைத்துப் படியுங்கள்.

எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் சைக்காலஜித் துறை பழமையானது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அப்ளைடு சைக்காலஜி எம்.எஸ்சி. இருக்கிறது, மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் சி.யு.இ.டி. பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணம் குறைவு. சென்னையில் தனியார் கல்லூரிகளிலும் நிறைய உண்டு. காட்பாடியிலிருந்து சென்னை ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தானே, தினமும் ரயிலில் போய் வரலாம் என்று வீட்டில் சொல்வார்கள். சைக்காலஜி பிராக்டிகலும் இன்டர்ன்ஷிப்பும் இருக்கிற படிப்புக்கு அது சரிப்படாது. போக வர ஐந்து மணி நேரம் போனால் கேஸ் ரிப்போர்ட் எழுத உடம்பில் தெம்பு இருக்காது. முடிந்தால் ஹாஸ்டலில் சேருங்கள்.

இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது. நம் பக்கத்தில் கல்யாணம் ஆன பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள் பலர் தொலைநிலைக் கல்வியில்தான் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., நிறுத்திவிட்டது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் சைக்காலஜி வருவதுதான் காரணம். நியூட்ரிஷன், மைக்ரோபயாலஜி போன்றவற்றுக்கும் இதே கதிதான். யாராவது ஏஜென்ட் "ஆன்லைன்ல எம்.எஸ்சி. சைக்காலஜி, இந்த வருஷம் அட்மிஷன் போட்டுடலாம்" என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

எம்.எஸ்சி. படிக்கும்போதே மனநலப் பிரிவு ஒன்றில் இன்டர்ன்ஷிப் செய்யப் பாருங்கள். வேலூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரையும் தங்க வைத்துச் சிகிச்சை கொடுக்கும் இடம். நாட்டில் வேறெங்கும் அதிகம் இல்லாத காலத்திலேயே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள். மாமியாரோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நோயாளியிடம் எப்படிப் பேசுவது, வீட்டாரிடம் தனியாக எதைக் கேட்பது என்பதெல்லாம் அப்படிப்பட்ட இடத்தில் பார்த்தால்தான் புரியும். அங்கேயோ, அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலோ, சிறப்புப் பள்ளியிலோ, முறைப்படி கல்லூரிக் கடிதத்தோடு போய் அனுமதி கேளுங்கள். வாய் வார்த்தையாகத் தெரிந்தவர் மூலம் போனால் சான்றிதழ் கிடைக்காது.

எம்.ஃபில்., சை.டி., புதிய எம்.ஏ.

எம்.எஸ்சி. முடித்த கையோடு யாரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. அதற்கு மேல் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த தொழிற்படிப்பு வேண்டும். பல ஆண்டுகளாக அது எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி, இரண்டு வருஷம், முழு நேரம். பெயர் எம்.ஃபில். என்றாலும் மற்ற பாடங்களின் எம்.ஃபில். மாதிரி ஆய்வேடு எழுதிக் கொடுத்துவிட்டு வரும் படிப்பு இல்லை. காலையிலிருந்து மாலை வரை மருத்துவமனையில், வார்டிலும் ஓ.பி.யிலும், மேற்பார்வையாளரின் கீழ் வேலை.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில்தான் இதற்கு ஆரம்பம். 1955இல் மெடிக்கல் சைக்காலஜி டிப்ளமோவாகத் தொடங்கி, பின்னால் எம்.ஃபில். ஆனது. காட்பாடியில் ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூரு. நம் ஊருக்கு இது பக்கத்து வீடுதான். ராஞ்சியில் 1918இல் தொடங்கிய மத்திய மனநல மருத்துவ நிறுவனம் இன்னொரு பெரிய இடம். தமிழ்நாட்டுக்குள் என்றால் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனமான நீப்மெட், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவை இந்தப் படிப்பை நடத்தி வந்திருக்கின்றன. சீட் எங்குமே குறைவு. வழிகாட்டும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதை வைத்தே ஆர்.சி.ஐ. சீட் எண்ணிக்கையை நிர்ணயிக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு. தனியாரில் லட்சக்கணக்கில் போகும்.

இப்போது விஷயம் மாறிக்கொண்டிருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. மனநலத் துறையில் ஆள் பற்றாக்குறை என்பதால் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அவகாசம் கொடுத்தது. இன்னொரு பக்கம், 2024-25இலிருந்து ஆர்.சி.ஐ. புதிய பாடத்திட்டங்களைக் கொண்டுவந்தது: பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி ஆனர்ஸ், எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, திருத்திய சை.டி. சை.டி. என்பது எம்.ஏ. சைக்காலஜிக்கு மேல் நான்கு வருஷம் படிக்கும் முனைவர் நிலைத் தொழிற்படிப்பு. பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம், நோயாளிகளோடு பயிற்சியும் அதிகம். ஆகவே உங்கள் அண்ணனோ சீனியரோ போன பாதை உங்களுக்கும் அப்படியே திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் சேரும் வருஷத்தின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இனி நான் வருகிற எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது. எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி, எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நல்ல படிப்புகளே. ஆனால் பட்டத்தில் கிளினிக்கல் என்று அச்சாகியிருப்பதால் மட்டும் ஆர்.சி.ஐ. பதிவு கிடைத்துவிடாது. என் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண், ராணிப்பேட்டைக்காரி. வெளியூர்த் தனியார் நிறுவனம் ஒன்றில் அவளுடைய அப்பா பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டி இரண்டு வருஷம் படிக்க வைத்தார். "முடிச்சா நேரா பிராக்டிஸ் பண்ணலாம்" என்று சேர்க்கும்போது சொன்னார்கள். முடித்துவிட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் அந்தப் படிப்பு ஆர்.சி.ஐ. பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்தது. அந்த மனுஷர் என் எதிரில் உட்கார்ந்து, சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இன்னொரு குடும்பத்துக்கு இது நடக்கக் கூடாது.

சரிபார்ப்பது கஷ்டமே இல்லை. ஆர்.சி.ஐ.யின் இணையதளத்தில் படிப்பு வாரியாக, மாநில வாரியாக அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் நீங்கள் சேரப்போகும் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, அதே படிப்பின் பெயருக்கு நேராக இருக்கிறதா, நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கும் அங்கீகாரம் செல்லுமா என்று பாருங்கள். மூன்றாவதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அங்கீகாரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் கொடுக்கப்படும். புதுப்பிக்காமல் விட்ட நிறுவனமும் பழைய கடிதத்தைக் காட்டி அட்மிஷன் போடக்கூடும். விளம்பரத்தை நம்பாதீர்கள், அலுவலகத்தில் இருப்பவர் வாயால் சொல்வதையும் நம்பாதீர்கள். கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

பயிற்சியில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்?

எம்.ஃபில். பாடத்திட்டத்தில் மனநோயியல், சைக்கியாட்ரி, புள்ளியியல், மூளையின் உயிரியல் அடிப்படை, சைக்கோதெரபி, பிஹேவியரல் மெடிசின் எல்லாம் தாள்களாக வரும். முதல் வருஷம் ஐந்து முழுமையான நோயறி அறிக்கைகளும் இரண்டாம் வருஷம் ஐந்து சிகிச்சைப் பதிவுகளும் ஆய்வேடும் கொடுக்க வேண்டும். ஆனால் படிப்பின் உயிர் தாளில் இல்லை.

செகன் ஃபார்ம் போர்டு என்று ஒரு சோதனை. ஒரு மரப்பலகையில் பத்து பள்ளங்கள்: வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை, அறுகோணம், முட்டை வடிவம் என்று. அவற்றில் பொருந்தும் பத்து மரத்துண்டுகளை எடுத்துக் குழந்தையின் முன்னால் வைத்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போடச் சொல்வோம். மூன்று தடவை போட வைத்து, குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்போம். கேட்டால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும். பேரணாம்பட்டுப் பக்கமிருந்து ஒரு பையனை அவன் அம்மா கூட்டிவந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் "மந்தம்" என்று சொல்லிவிட்டார்களாம். முதல் தடவை நட்சத்திரத்தைச் சிலுவைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினான். அம்மா முகத்தைப் பார்த்தான். அம்மா கண்ணாலேயே சரியான பள்ளத்தைக் காட்டினார். அவரை வெளியே உட்கார வைத்தேன். இரண்டாவது தடவை நட்சத்திரத்தைக் கையில் எடுத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, சரியாக வைத்தான். மூன்றாவது தடவை அழுத்தவே இல்லை. நேரம் பாதியாகக் குறைந்தது. ஸ்டாப்வாட்ச் ஒரு எண்ணைத்தான் கொடுக்கும். அந்தப் பையன் மூன்று முயற்சிக்குள் கற்றுக்கொண்டான் என்பதும், யாரோ பார்த்துக்கொண்டே இருந்தால் கை தடுமாறுகிறது என்பதும் அந்த எண்ணில் வராது. அதை அறிக்கையில் எப்படி எழுதுவது, மேற்கொண்டு என்ன சோதனை செய்வது, காதையும் கண்ணையும் பரிசோதிக்க எங்கே அனுப்புவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். என் மேற்பார்வையாளர் என் அறிக்கைகளைச் சிவப்பு மையில் அடித்துத் திருப்பிக் கொடுப்பார். "இந்தப் பிள்ளையை நான் பார்க்காமலே இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்பார். இன்று ஒரு அறிக்கையை முடிக்கும்போதும் அதே அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) போன்ற சோதனை எண்களை வைத்து மாற்றுத்திறனாளி அட்டை, உதவித்தொகை, பள்ளிச் சலுகை எல்லாம் முடிவாகிற நாட்டில், தப்பாகப் போட்ட ஒரு எண் ஒரு குழந்தையின் வாழ்க்கையைத் திருப்பிவிடும். ஆர்.சி.ஐ. பதிவு வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

பேச்சும் அப்படித்தான். நம் பக்கத்தில் ஒருவர் வந்து "டிப்ரஷன்" என்று சொல்ல மாட்டார். "நெஞ்ச புடிச்சி அழுத்தற மாதிரி கீது மேடம், பெரியாஸ்பத்திரில ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்தாச்சி, ஒண்ணும் இல்லேங்கறாங்க" என்பார். கேஸ் ஹிஸ்டரியில் அதை அவர் சொன்னபடியே எழுதச் சொல்வார்கள். வாணியம்பாடி, மேல்விஷாரத்திலிருந்து உருது பேசுகிறவர்கள், சித்தூர்ப் பக்கமிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள், சி.எம்.சி.க்காக வந்து தங்கும் வங்காளிகள் என்று வேலூரில் எல்லா மொழியும் காதில் விழும். நிம்ஹான்ஸ் போக நினைத்தால் கன்னடம், தெலுங்கு, இந்தியில் ஒன்றையாவது இப்போதிருந்தே பேசிப் பழகுங்கள். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு சைக்கோதெரபி செய்வது மிகவும் சிரமம்.

நுழைவுத் தேர்வு

எழுத்துத் தேர்வும் நேர்முகமும் இருக்கும். அப்நார்மல் சைக்காலஜி, பர்சனாலிட்டி, சோதனைகள், புள்ளியியல் இவற்றிலிருந்துதான் பெரும்பாலும். நோய் வகைப்பாட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியல் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். புள்ளியியலை நம் பிள்ளைகள் பயந்து ஒதுக்குகிறார்கள், அதில்தான் சுலபமாக மதிப்பெண் எடுக்கலாம். நேர்முகத்தில் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்டால் "மக்களுக்குச் சேவை செய்ய" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் பார்த்த ஒரு கேஸை, பெயர் அடையாளம் எதுவும் சொல்லாமல், உங்களுக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று பேசுங்கள். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே அறிவிப்புகளைத் தேட ஆரம்பியுங்கள். ஒரே இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, தொழிற்பயிற்சி இரண்டு. எம்.ஃபில். வழியில் மொத்தம் ஏழு வருஷம். சை.டி. என்றால் ஒன்பது. பெண் பிள்ளைக்கு நடுவிலேயே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறீர்கள். இது முழு நேரப் படிப்பு, பாதியில் விட்டுவிட்டுப் பிறகு தொடர்வது லேசில்லை. தயவுசெய்து முடிக்க விடுங்கள்.

வேறு வழிகள்

எல்லோருக்கும் கிளினிக்கல்தான் பொருத்தம் என்றில்லை. மாற்றுத்திறன் குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை என்றால் ரீஹேபிலிடேஷன் சைக்காலஜி இருக்கிறது, அதுவும் ஆர்.சி.ஐ. கீழ்தான் வருகிறது. எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை, படித்தவர்களுக்கு சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க். குற்றவியல் பக்கம் ஆர்வம் என்றால் காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பள்ளி, கல்லூரிக் கவுன்சலர் ஆக கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்சி. போதும், நம் பள்ளிக்கூடங்களுக்கு நல்ல கவுன்சலர்கள் அவசரமாகத் தேவை. தொழிற்சாலை மனிதவளம் பிடித்தவர்கள் ஆர்கனைசேஷனல் சைக்காலஜி படித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலோ வேலை தேடலாம். கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை என்றால் நெட் தகுதித் தேர்வு எழுதலாம், பிஎச்.டி.யும் படிக்கலாம். பிஎச்.டி. முடித்தால் கிளினிக்கல் பதிவு தானாக வரும் என்று சிலர் நினைக்கிறார்கள், வராது.

வேலை வாய்ப்பைப் பற்றிக் கேட்பீர்கள். மருத்துவமனை மனநலப் பிரிவுகள், மாவட்ட மனநலத் திட்டம், போதை மறுவாழ்வு மையங்கள், சிறப்புப் பள்ளிகள், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416 போன்ற மனநல உதவி எண்கள், சொந்த கிளினிக் எல்லாம் உண்டு. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. பதிவு எண் கையில் இருப்பவருக்கு வேலை இல்லாமல் போன கதை மட்டும் நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் கருத்தரங்கு, பயிற்சி முகாம் என்று போய் 100 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, விண்ணப்பத்துக்கு முன்னால் இரண்டு காகித வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, டிகிரியில் இனிஷியல் முன்னால் என்று நம்மில் பாதிப் பேருக்கு மூன்று விதமாக இருக்கும். வெளிமாநில நிறுவனங்களில் இதற்கு விளக்கம் சொல்லி மாளாது. ஆதாரையாவது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றிவிடுங்கள். இரண்டு, சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் நிம்ஹான்ஸ், ராஞ்சி போன்ற மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வாங்க நாளாகும். நுழைவுத் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல் இப்போதே போட்டு வையுங்கள்.